சாட்சிக் கூண்டில் நம்பிக்கை



கிறிஸ்தவ சமயத்தின் உண்மையை அறிவின் துணைகொண்டு நிறுவ 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெருமுயற்சி ஒன்று நடந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பக்தர்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். ஐயவாதிகள் தோல்விக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. நம்பிக்கையை ஒரு வழக்காக்கிப் பொது மன்றத்தின் முன் வைத்தவர்கள், வழக்கில் தோற்கும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். அவர்களில் யார் அந்தத் துணிவில் உறுதியாக நின்றார்கள், யார் நடுவழியில் அதைக் கைவிட்டார்கள் என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1619ஆம் ஆண்டு. ஹாலந்தில் வால் ஆறும் மாஸ் ஆறும் கூடும் இடத்தில் லூவஸ்டைன் என்றொரு கோட்டை. அங்கே ஆயுள் தண்டனைக் கைதியாக ஹூகோ குரோட்டியஸ் அடைக்கப்படுகிறார். வயது 36. பதினோரு வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மேதை, பேர்பெற்ற சட்ட அறிஞர். யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டாரா, மனித விருப்பத்துக்கு அதில் ஏதேனும் பங்கு உண்டா என்று டச்சுப் புராட்டஸ்டண்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். மனித விருப்பத்துக்கு இடம் தந்த கட்சியின் பக்கம் குரோட்டியஸ் நின்றார். இறையியல் பூசலோடு அரசியல் பகையும் சேர்ந்துகொண்டது. அவருடைய தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு அந்த மே மாதம் ஹேக் நகரில் தலை போயிற்று. குரோட்டியஸுக்குச் சிறை கிடைத்தது. அவரைச் சிறையில் தள்ளியவர்களும் கிறிஸ்தவர்கள்தாம், அதுவும் ஒரு கிறிஸ்தவக் கோட்பாட்டின் பெயரால். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் அங்கே எழுதியதைப் படிக்க வேண்டும்.

அவர் எழுதியது டச்சு மொழியில் ஒரு நீண்ட செய்யுள் நூல். யாருக்காக எழுதினார் என்பதைக் கவனியுங்கள். கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் போகும் மாலுமிகளுக்காக எழுதினார். கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் துருக்கிக்கும் போகிறவன் அங்கே வேறு சமயத்தாரைச் சந்திப்பான், பேச்சு வரும், அப்போது என்ன பதில் சொல்வான்? பாடமாக்க எளிதாக இருக்கட்டும் என்றுதான் செய்யுளில் எழுதினார். 1621 மார்ச்சில், புத்தகங்கள் வந்துபோகும் மரப்பெட்டிக்குள் ஒளிந்து அவர் சிறையிலிருந்து தப்பினார். திட்டம் தீட்டியவர் அவர் மனைவி மரியா. பெட்டியோடு கூடவே போய்க் காவல் கடத்திவிட்டவர் எல்ஸ்யே என்ற பணிப்பெண். மறு ஆண்டு செய்யுள் நூல் அச்சானது. 1627இல் அதையே இலத்தீன் உரைநடையில், கிறிஸ்தவ சமயத்தின் உண்மை பற்றிய நூலாக விரித்து எழுதினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது பெயர்க்கப்பட்டது. 1660இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் எட்வர்ட் போக்காக் அரபியிலும் பெயர்த்தார். அதற்கான செலவை ஏற்றவர் வேதியியலாளர் ராபர்ட் பாயில். அந்தப் பெயர் மீண்டும் வரும்.

அந்த நூலில் குரோட்டியஸ் செய்தது ஒரு வழக்கறிஞரின் வேலை. கணிதத்தில் நிறுவுவது ஒரு விதம், இயற்கைப் பொருள்களைப் பற்றி நிறுவுவது வேறு விதம், நடந்த நிகழ்ச்சியை நிறுவுவது இன்னொரு விதம் என்று முதலில் பிரிக்கிறார். நடந்த நிகழ்ச்சிக்குச் சாட்சிதான் சான்று. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று சொன்ன சாட்சிகள் யார்? அப்படிச் சொன்னதால் அவர்கள் பெற்றது என்ன? செல்வமா, பதவியா? அடியும் சிறையும் சாவும்தானே? தாம் பொய் என்று அறிந்த ஒன்றுக்காக இத்தனை பேர் இவ்வளவு துன்பத்தைத் தாங்குவார்களா? இப்படிப் போகிறது வாதம். இன்றும் பள்ளி மாணவர்கள் முதல் பேராயர்கள் வரை இதே வாதத்தைச் சொல்வதைக் கேட்கலாம்.

ஆனால் என்னைக் கவர்ந்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. இந்தச் சான்று கண்ணால் கண்டதைப் போலவோ கணிதத்தைப் போலவோ மறுக்கவே முடியாதது அல்ல என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அது வேண்டுமென்றே அப்படி அமைந்தது என்கிறார். சான்று எல்லாரையும் கட்டாயப்படுத்தும் அளவுக்கு இருந்தால், நம்புவதில் மனிதனுடைய நேர்மைக்கு என்ன வேலை? ஆகவே நற்செய்தி ஓர் உரைகல், அதில் உரசிப் பார்க்கப்படுவது கேட்பவனின் மனம். சமயத்தை நிறுவ வந்தவர், நிறுவலுக்கு ஓர் எல்லை உண்டு என்று நூலுக்குள்ளேயே எழுதிவைத்தார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுச் சர்ச்சை முழுவதும் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியதுதான்.

எழுதாமல் விட்டதும் கவனிக்கத்தக்கது. திரித்துவத்தைப் பற்றி அந்த நூலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு, இவன் திரித்துவத்தை மறுக்கும் சோசினியன் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னைச் சிறையில் போட்ட வகைச் சண்டைகளை அவர் வேண்டுமென்றே வாசலுக்கு வெளியே நிறுத்தினார். முப்பதாண்டுப் போர் தொடங்கிய காலம் அது. எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒப்புக்கொள்வது எது, கிறிஸ்தவன் அல்லாதவனுக்கும் விளங்கும்படி அதை எப்படிச் சொல்வது என்பதே அவர் தேடல்.

அவர் நினைத்த மாலுமிகள் போய்ச் சேர்ந்த கீழைக் கடல்களில் நம் கரையும் ஒன்று. குரோட்டியஸ் சிறை புகுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1606இல், இயேசு சபையைச் சேர்ந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்துவிட்டார். தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழிலேயே எழுதினார். அவருடைய ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ ஆகியவை தாமஸ் அக்குவினாஸ் வழி வந்த தருக்கத்தைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்த முயற்சிகள். கடவுள் உண்டு, ஒருவரே என்பதை அறிவே காட்டும், அதற்கு மேலானவற்றைக் கடவுள் வெளிப்படுத்தினால்தான் அறியலாம் என்ற பாகுபாடு அங்கே தெளிவாக இருக்கிறது. சமயக்கணக்கர் ஒவ்வொருவரும் தம் கட்சியை எடுத்துரைக்க மணிமேகலை நின்று கேட்டதையும், நீலகேசி ஊர் ஊராய்ப் போய் வாதிட்டதையும், சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தையும் அறிந்த மண்ணில் இப்படி ஒருவர் வாதிட வந்தது யாருக்கும் விசித்திரமாகப் பட்டிருக்காது. அவருக்குக் கடும் எதிர்ப்பு வந்தது முதலில் தம் சபைக்குள்ளிருந்தே. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைக்கு இசைவு தரும் வரை அந்தச் சிக்கல் தீரவில்லை. குரோட்டியஸைப் போலவே, வெளியாருக்கு விளங்கச் சொல்ல முயன்றதற்காகச் சொந்த வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர் அவரும்.

பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் வேறு பாதையில் போனார். 1654இல் அவர் கணித அறிஞர் ஃபெர்மாவோடு கடிதம் எழுதிச் சூதாட்டப் பங்கீடு பற்றிய கணக்கைத் தீர்த்தார். நிகழ்தகவுக் கணிதம் அதிலிருந்து கிளைத்தது. அதே ஆண்டு நவம்பர் 23 இரவு அவருக்கு ஓர் ஆழ்ந்த சமய அனுபவம். தத்துவ அறிஞர்கள் நிறுவிய கடவுளை அல்ல, ஆபிரகாமின் கடவுளையே கண்டதாக எழுதி, அந்தத் தாளைச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவைத்துக்கொண்டார். 1662இல், 39 வயதில் அவர் இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. கிறிஸ்தவத்துக்காக ஒரு பெருநூல் எழுத நினைத்திருந்தார். எஞ்சியவை துண்டுக் குறிப்புகள் மட்டுமே. அவை 1670இல் ‘சிந்தனைகள்’ என்று வெளிவந்தன.

அவருடைய பந்தய வாதம் பலருக்குத் தெரியும். கடவுள் உண்டா இல்லையா என்று அறிவு தீர்க்க முடியாது, ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் பந்தயம் கட்டித்தான் ஆகவேண்டும். உண்டு என்று கட்டி வென்றால் கிடைப்பது முடிவில்லாத பேறு, தோற்றால் இழப்பது சொற்பம். இதை வணிகக் கணக்கு என்று பலர் இகழ்வதை நான் ஏற்கவில்லை. சூதாட்ட மேசையில் நேரம் போக்கும், கடவுளைப் பற்றி எண்ணிப்பார்க்கவே சலிப்புறும் பிரபுக்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசினார் பாஸ்கல். அவருடைய நோக்கம் அலட்சியத்தை உடைப்பது. நம்பிக்கை வாதத்தால் மட்டும் வந்துவிடாது, வழிபாட்டிலும் பழக்கத்திலும் இறங்கி மனத்தைப் பயிற்ற வேண்டும் என்று அதே குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். கேலி செய்கிறவர்கள் அந்தப் பகுதிக்கு வருவதே இல்லை.

இங்கிலாந்துக்கு வருவோம். 1691இன் இறுதி நாள்களில் ராபர்ட் பாயில் இறந்தார். ஆண்டுக்கு 50 பவுன் ஒதுக்கி, நாத்திகர், படைத்த கடவுளை ஏற்றும் வேத வெளிப்பாட்டை ஏற்காத டீயிஸ்டுகள் முதலியோருக்கு எதிராகக் கிறிஸ்தவத்தை நிறுவும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு உயில் எழுதிவைத்திருந்தார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. கிறிஸ்தவர்களுக்குள் உள்ள சர்ச்சைகளுக்குள் பேச்சாளர் இறங்கக் கூடாது. குரோட்டியஸ் சிறையில் எடுத்த முடிவை, அவர் நூலை அரபியில் கொண்டுவரப் பணம் தந்தவர் சட்ட நிபந்தனையாகவே ஆக்கிவிட்டார். 1692இல் முதல் சொற்பொழிவுகளை நிகழ்த்திய ரிச்சர்ட் பென்ட்லி, ஐசக் நியூட்டனுக்கே கடிதம் எழுதி, ஈர்ப்பு விசையிலிருந்தும் கோள்களின் அமைப்பிலிருந்தும் கடவுளுக்குச் சான்று காட்ட விளக்கம் கேட்டுப் பெற்றார். பின்னர் சாமுவேல் கிளார்க் அதே மேடையில், கடவுள் இருப்பைக் கிட்டத்தட்ட வடிவியல் தேற்றம்போல் நிறுவ முயன்றார். பாயில் பேச்சாளர்கள் நிறுவத் தொடங்கும் வரை யாருக்கும் கடவுள்மேல் ஐயம் இருந்ததில்லை என்று சுதந்திரச் சிந்தனையாளர் அந்தோனி காலின்ஸ் சொன்னதாக வழங்கி வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. நிறுவ முடியும் என்று ஒருவர் எழுந்து நிற்கும்போதே, நிறுவப்படாமலும் போகலாம் என்ற எண்ணம் அரங்கத்துக்குள் வந்துவிடுகிறது.

தத்துவ அறிஞர் ஜான் லாக் 1695இல் பெயர் போடாமல், கிறிஸ்தவம் அறிவுக்கு ஒத்தது என்று காட்டும் நூலை வெளியிட்டார். இயேசுவே மெசியா என்று ஏற்று மனந்திரும்பி வாழ்வதே அடிப்படை, மற்றக் கோட்பாட்டுச் சிக்கல்கள் அத்தனையும் மீட்புக்குத் தேவையல்ல என்றார். கூலியாள், நூல் நூற்பவர், பால் கறக்கும் பெண் இவர்களுக்கெல்லாம் நீண்ட தருக்கத்துக்கு நேரம் எங்கே? எளியவர்களுக்கும் எட்டுகிற சமயமாக இருப்பதே கிறிஸ்தவத்தின் மேன்மை என்பது அவர் வாதம். மறு ஆண்டே அயர்லாந்துக்காரர் ஜான் டோலண்ட் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். அறிவுக்கு மேற்பட்ட மறைபொருள் எதுவுமே கிறிஸ்தவத்தில் இல்லை என்றார். 1697இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தின் ஆணைப்படி அவர் நூலைத் தூக்கிலிடுவோன் கையால் எரித்தார்கள்.

அதே 1697 ஜனவரி 8 அன்று எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற மாணவனைத் தூக்கிலிட்டார்கள். வயது 20. திரித்துவத்தையும் வேதாகமத்தையும் நண்பர்களிடம் இகழ்ந்து பேசினான் என்பது குற்றச்சாட்டு. அவன் வருந்தி மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அந்த வழக்கின் ஆவணங்களைச் சேகரித்துவைத்தவர்களில் லாக்கும் ஒருவர். அறிவால் சமயத்தை நிறுவலாம் என்ற நூல்கள் லண்டனில் சூடாக விற்ற அதே ஆண்டுகளில், அதே மன்னரின் ஆட்சியில் இது நடந்தது. இந்தச் செய்தியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடவும் கூர்மையான முரண் ஒன்று 1729இல் நேர்ந்தது. தாமஸ் உல்ஸ்டன் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த அறிஞர். 1727 முதல் 1729 வரை, நற்செய்தி நூல்களின் அற்புதங்களைப் பற்றி ஆறு சிறுநூல்கள் எழுதினார். அவற்றை நேரடிப் பொருளில் எடுத்தால் நம்பத்தக்கவை அல்ல, உருவகமாகவே கொள்ள வேண்டும் என்றார். நடை கடுமையானது, கேலி நிறைந்தது. உயிர்த்தெழுதலையே சீடர்களின் மோசடி என்று ஒரு யூத ரபியின் வாயால் சொல்லவைத்தார். நூல்கள் ஆயிரக்கணக்கில் விற்றன.

அவருக்கு வந்த பதில்களில் புகழ்பெற்றது பிஷப் தாமஸ் ஷெர்லாக் எழுதிய ‘சாட்சிகளின் விசாரணை’. ஷெர்லாக் லண்டனில் வழக்கறிஞர்கள் கூடும் டெம்பிள் தேவாலயத்தின் தலைமைக் குரு. ஒவ்வொரு ஞாயிறும் சட்டக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்து பழகியவர். தம் நூலையும் ஒரு வழக்காகவே அமைத்தார். அதில் இயேசுவின் சீடர்கள் பொய்ச்சாட்சி சொன்னதாகக் குற்றம் சாட்டப்படுகிறார்கள். நீதிபதி உண்டு, இரு தரப்பு வழக்கறிஞர்கள் உண்டு, ஜூரி உண்டு. உல்ஸ்டன் தரப்பு வாதத்துக்குப் போதுமான இடம் தந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். முடிவில் ஜூரி குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. பல பதிப்புகள் வந்த நூல். படித்தால் இன்றும் சுவையாக இருக்கும்.

ஆனால் அதே ஆண்டில் உண்மையான நீதிமன்றம் ஒன்றும் கூடியது. அங்கே குற்றவாளி உல்ஸ்டன். நான்கு நூல்களுக்கு, நூலுக்கு 25 பவுன் வீதம் 100 பவுன் அபராதம், ஓராண்டுச் சிறை, நன்னடத்தைக்குப் பெருந்தொகைப் பிணை. பிணை கட்ட அவரால் முடியவில்லை. 1733இல் இறக்கும் வரை அவருக்கு விடுதலை இல்லை. தாளில் நடந்த விசாரணையில் அவர் கட்சிக்கு நியாயமான வழக்கறிஞரைத் தந்தார்கள், நிஜத்தில் சிறையைத் தந்தார்கள். எதிராளியின் வாயைக் கட்டிவிட்டு வென்ற வாதத்துக்கு என்ன மதிப்பு? ஷெர்லாக்கின் நூலை எவ்வளவு ரசித்தாலும் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

எல்லாரும் அப்படி இருக்கவில்லை. நத்தானியேல் லார்ட்னர் என்ற பிரிவினைச் சபைப் போதகர் உல்ஸ்டனுக்கு அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பின் முன்னுரையிலேயே, இத்தகைய நூல்களுக்கு அரசு தண்டனை தரக் கூடாது, வாதத்துக்கு வாதமே பதில் என்று வற்புறுத்தினார். தண்டனைதான் கிறிஸ்தவத்துக்கு இழுக்கு என்பது அவர் நிலை. இதற்காக ஒரு பிஷப்போடு கடிதத்தில் வாதாடவும் செய்தார். ஷெர்லாக்கின் பெயர் தெரிந்த பலருக்கு லார்ட்னரின் பெயர் தெரியாது. நற்செய்தி வரலாற்றின் நம்பகத்தன்மை பற்றி அவர் பல தொகுதிகளாக எழுதிய பெருநூல், பின்னால் வந்த வில்லியம் பேலி போன்ற சமய வாதிகளுக்கு ஆதாரச் சுரங்கமாக இருந்தது.

இப்போது, இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் மனிதரிடம் வருகிறேன். ஜோசப் பட்லர், 1692இல் வான்டேஜ் என்ற சிற்றூரில் துணி வணிகர் மகனாகப் பிறந்தவர். குடும்பம் பிரஸ்பிட்டேரியன். டூக்ஸ்பரியில் மாணவராக இருந்தபோது, 21 வயதில், கிளார்க்கின் நிறுவலில் ஓட்டை இருப்பதாக அவருக்கே பெயரில்லாமல் கடிதம் எழுதினார். யார் என்று தெரியாதிருக்க, கடிதங்களை குளஸ்டருக்குக் கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தவர் உடன் படித்த தாமஸ் செக்கர், பிற்காலத்தில் கேன்டர்பரி பேராயர் ஆனவர். பெரும்புகழ் பெற்ற கிளார்க் அந்த முகம் தெரியாத இளைஞருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களைத் தம் நூலோடு சேர்த்தே அச்சிட்டார்.

1736இல் பட்லரின் ‘ஒப்புமை’ வெளிவந்தது. ஆறு ஆண்டு முன்பு மேத்யூ டிண்டல், கிறிஸ்தவம் படைப்பைப் போலவே பழமையானது என்று எழுதியிருந்தார். உண்மைச் சமயம் எல்லா மனிதருக்கும் எல்லாக் காலத்திலும் அறிவால் எட்டுவதாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சீனாவில் கன்பூசியஸ் கண்ட அறம் குறைந்ததா? ஒரு மூலையில், ஒரு மக்களுக்கு, ஒரு காலத்தில் மட்டும் கடவுள் பேசுவாரா? வலுவான கேள்வி. இன்றும் நம்மிடையே கேட்கப்படும் கேள்வி.

பட்லர் டிண்டலின் பெயரை எடுக்கவே இல்லை. இயற்கையைப் பாருங்கள் என்றார். இயற்கைக்கு ஓர் ஆக்கியோன் உண்டு என்று டீயிஸ்டுகளாகிய நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த இயற்கையில் எல்லாம் எல்லாருக்கும் சமமாகவா கிடைத்திருக்கிறது? நோய் காலங்காலமாக இருக்கிறது, அதற்கு மருந்து எத்தனையோ தலைமுறை கழித்து, எங்கோ சிலருக்குத் தெரியவருகிறது. எண்ணற்ற விதைகள் விழுகின்றன, முளைத்து முதிர்வன சொற்பம். இதையெல்லாம் வைத்து இயற்கை கடவுளுடையது அல்ல என்று நீங்கள் சொல்லவில்லையே? பிறகு வேதத்தில் அதே வகைச் சிக்கல் இருந்தால் மட்டும் அது கடவுளுடையது அல்ல என்று எப்படிச் சொல்வீர்கள்?

முழு நிச்சயம் நமக்கு எதிலும் வாய்ப்பதில்லை என்பது அவருடைய அடிப்படை. பயிரிடுவதும் மணம் முடிப்பதும் மருந்து உண்பதும் நிகழ்தகவை நம்பித்தான். பெரிய விஷயம் பணயத்தில் இருக்கும்போது, சிறிய சாத்தியத்தையும் அறிவுள்ளவன் கணக்கில் எடுப்பான். கிளார்க்கைப் போலத் தேற்றம் எழுத அவர் முயலவில்லை. நாம் பார்ப்பது இப்பெரிய அமைப்பில் ஒரு சிறு பகுதி என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்டுகிறார். எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும் பொறுமை அவரிடம் இருக்கிறது. நடை கரடுமுரடானது, படிக்க உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை நான் உங்களிடம் கேட்கத் தயங்கவில்லை.

பட்லரின் வாதத்துக்கு இரண்டு பக்கமும் கூர்மை உண்டு. பிற்காலச் சிந்தனையாளர் ஜேம்ஸ் மில்லின் அனுபவத்தை அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். தந்தையைச் சில காலம் கிறிஸ்தவராக வைத்திருந்ததே பட்லரின் நூல்தான். வேதத்தின் கடவுளை ஏற்கத் தடையானவை எல்லாம் இயற்கையின் கடவுளை ஏற்கவும் தடையானவையே என்று பட்லர் காட்டியது அவருக்குச் சரியாகப் பட்டது. ஆகவே டீயிஸம் என்ற இடைநிலையில் அவரால் நிற்க முடியவில்லை. இரண்டையும் ஏற்க வேண்டும், அல்லது இரண்டையும் விட வேண்டும். கடைசியில் அவர் இரண்டையும் விட்டார். இதைப் பட்லரின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். படிப்பவனைத் தன் முடிவுக்கு இழுத்துக் கட்டாமல், தேர்வு இன்னதென்று தெளிவாகக் காட்டிவிட்ட நூல் அது.

பட்லரின் மதிப்பீட்டை நாடியவர்களில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமும் ஒருவர். தம் முதல் நூலைப் பட்லரிடம் காட்ட விரும்பிய ஹியூம், அவர் மனம் நோகக் கூடாது என்று அற்புதங்கள் பற்றிய பகுதியை அதிலிருந்து எடுத்துவிட்டார். அது 1748இல்தான் வேறொரு நூலில் அச்சேறியது. இயற்கை நியதி மீறப்பட்டது என்று சாட்சி சொன்னால், அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தையே விட வியப்புக்குரியதாக இருந்தால்தான் நம்பலாம் என்றார். குரோட்டியஸ் சாட்சிகளின் மேல் கட்டிய வாதத்தை, சாட்சியம் என்பதன் அளவுகோலைக் கொண்டே ஹியூம் எதிர்த்தார்.

இதற்கு 1762இல் நீண்ட மறுப்பு எழுதியவர் அபர்டீன் இறையியலாளர் ஜார்ஜ் காம்ப்பெல். அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் படியை நண்பர் ஹியூ பிளேர் வழியாக ஹியூமுக்கே அனுப்பினார். ஹியூம் படித்துத் தம் குறிப்புகளைச் சொன்னார், சில இடங்களில் சொற்கள் கடுமையாக இருப்பதாகவும் சுட்டினார். காம்ப்பெல் அவற்றில் சிலவற்றை மென்மையாக்கினார். யாருக்கும் மறுப்பு எழுதுவதில்லை என்று இளமையிலேயே முடிவெடுத்திருந்ததால் தாம் பதில் எழுதப்போவதில்லை என்று ஹியூம் காம்ப்பெல்லுக்குக் கடிதம் எழுதினார். அந்த வாதம் தமக்கு முதலில் தோன்றிய கதையையும் அதில் சொன்னார். பிரான்சில் லா ஃப்ளேஷ் நகரில் இயேசு சபைக் கல்லூரியின் தாழ்வாரத்தில் ஒரு துறவியோடு உலவியபோது, தங்கள் மடத்தில் நடந்த அற்புதம் ஒன்றை அவர் விவரித்தார். மறுக்கப் போன ஹியூமுக்கு அங்கேயே இந்த வாதம் உதித்தது. இப்படிச் சொன்னால் நற்செய்தியின் அற்புதங்களுக்கும் இது பொருந்திவிடுமே என்று அந்தத் துறவி உடனே திருப்பிக் கேட்டாராம். அது சரியான மறுமொழிதான் என்று ஹியூம் ஒப்புக்கொண்டார். உல்ஸ்டன் காவலில் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. காம்ப்பெல்லின் மறுப்பும் ஹியூமின் கட்டுரையும் ஐக்கன்ஹெட்டைத் தூக்கிலிட்ட அதே எடின்பரோ நகரத்தின் புத்தகக் கடைகளில் ஒரே நேரத்தில் கிடைத்தன. இரண்டையும் வாங்கிப் படித்து யார் சொல்வது சரி என்று வாசகர் தாமே தீர்மானிக்கலாம் என்ற நிலை வந்திருந்தது.